நடக்கும்போது சம்சாரம் வேணும்

என் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷின் இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் அதன் மூலை துருத்திக்கொண்டு தெரியும். இதயம் கண்டபடி ஓட ஆரம்பித்தால் அது உள்ளிருந்தே ஓர் அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவருமாம். நான் முப்பத்திரண்டு வருஷம் ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஓடுகிற வண்டியை ஒரு விசிலில் நிறுத்தியவன். இப்போது எனக்குள்ளேயே ஒரு கண்டக்டரை ஏற்றிவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி அன்றைக்கு ஆறு நாள் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓய்வு பெற்ற வருஷம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றானபோது கழுத்து வலி என்று சொன்னேன். கால் வீங்கி விரலை அழுத்தினால் குழி விழுந்தது. வெயில் என்றேன். யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். இதயம் வீங்கியிருக்கிறது, பம்பிங் குறைவாக இருக்கிறது, உடனே மதுரைக்குப் போங்கள் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை என் பழைய டிக்கெட் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

எங்கள் மகள் கொச்சியில், வல்லார்பாடத்தில் கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பலாம் என்றுதான் இருவரும் வந்தோம். வந்த மூன்றாம் நாள், பஜார் ரோட்டில் ஓர் இஞ்சிக் கிடங்கு வாசலில், நான் நின்ற வாக்கில் விழுந்துவிட்டேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்களாம். எனக்கு நினைவு திரும்பியபோது காதில் விழுந்தது, "வெள்ளம், வெள்ளம்" என்று யாரோ சத்தம் போட்டது. ஊருக்குள் வெள்ளம் வந்துவிட்டது, நாம் போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தில் தெளிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். மூட்டையோடு மூட்டையாக என்னையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் மனைவிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, ராத்திரி நன்றாகத் தூங்குவார். மூச்சுத் திணறல் எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும், "அவருக்கு அதெல்லாம் கிடையாதுங்க டாக்டர், இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா" என்றாள். டாக்டர் ஸ்கேன் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் தெம்பில்லை. எட்டு மாதம் என்றேன். மதுரைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். முப்பத்து நான்கு வருஷம் கூடவே இருந்தவளை, டாக்டருக்கும் நர்சுக்கும் முன்னால், ஒன்றும் தெரியாதவளாக நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

பேசவில்லை என்றால் வாயே திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவள் ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். அடம்பிடிக்கிற பிள்ளையிடம் நேராகப் பேசாமல், "ஒரு பையன் இன்னும் சோறு திங்காம இருக்கானாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிற வித்தை அவளுக்குக் கைவந்தது. அதை என்மேல் இறக்கினாள். "மாத்திரை நேரம் ஆச்சு" என்பதைக் குக்கரிடம் சொல்வாள். காலையில் நான் எடை மிஷினில் ஏறி நின்றால், காலண்டரிடம் போய் எடை எவ்வளவு என்று சொல்லிவிட்டு அதிலேயே எழுதுவாள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது, உடனே போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியேறின. உப்பில்லாத ரசத்தை என் முன்னால் வைப்பாள், ஒரு சொல் இருக்காது. ரசத்தில் உப்பில்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

மெஷின் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இடது கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது, போனைச் சட்டையின் இடது பையில் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் என் பங்குக்கு, நடக்கக் கூடாது, குளிக்கும்போது வேகமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சத்தமாகத் தும்மக் கூடாது என்று நாலைந்து சேர்த்துக்கொண்டேன். எப்போது அடிக்குமோ என்ற பயம். மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மூன்று வாரம் இப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மகள்தான் என்னை ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். இதயம் பலவீனமானவர்களுக்கும் உள்ளே மெஷின் வைத்தவர்களுக்கும் அங்கே நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இதயம் பலவீனமானவனை எதற்கு ஓட்டுகிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் பலவீனமாகும் என்றாள் மகள்.

பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறி நடுவழியில் இறங்கினால் அந்த ஆஸ்பத்திரி. வாரம் இரண்டு நாள் போக வேண்டும். பயிற்சி கொடுத்த பிசியோ பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். அவளை நான் டாக்டரம்மா என்பேன், தான் டாக்டர் அல்ல என்று அவள் திருத்துவாள், மறுபடியும் டாக்டரம்மா என்பேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி, திரையில் துடிப்பைப் பார்த்தபடியே எங்களை நடக்கவிடுவாள். மெஷினுக்கு ஓர் எண் வைத்திருக்கிறார்களாம். துடிப்பு அதைத் தொட்டால்தான் மெஷின் முழித்துக்கொள்ளும். நாங்கள் அதற்கு வெகு கீழேயே நின்றுகொள்ள வேண்டும்.

என் பக்கத்து சைக்கிளில் கும்பளங்கிக்காரர் ஒருவர் மிதிப்பார். இறால் வளர்ப்பவர். அவருக்கும் என்னைப் போலவே மெஷின். அவர் குளத்தில் தமிழ்நாட்டு ஆட்கள் வேலை செய்ததால் தமிழ் கொஞ்சம் பேசுவார். உங்கள் மெஷின் எப்போதாவது அடித்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டேன். ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடித்ததாம். குதிரை உதைத்த மாதிரி இருந்ததாம். பிறகு என்ன செய்தீர்கள் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்த மீனைச் சாப்பிட்டேன் என்றார். அதைக் கேட்டதும் என் பயத்தில் பாதி குறைந்துவிட்டது.

இரண்டாம் வாரம் பிசியோ பெண் என்னைக் கூப்பிட்டு, இனி வீட்டுப் பக்கத்திலும் தினம் நடக்க வேண்டும் என்றாள். அங்கே திரை இல்லை, ஒயர் இல்லை. வேகம் அதிகமா குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். எனக்குப் புரிய வேண்டும் என்று அவள் மலையாளத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"நடக்கும்போ சம்சாரம் வேணம் கேட்டோ அங்கிளே. சம்சாரம் நின்னா அங்கிளும் நிக்கணம். சம்சாரம் இல்லாதெ நடக்கருது."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அந்த வாரம் முழுக்க நான் கேட்ட மலையாளத்திலேயே இது ஒன்றுதான் அட்சர சுத்தமாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் சம்சாரம் என்றால் மனைவி. நடக்கும்போது மனைவி கூட வர வேண்டும், மனைவி நின்றால் நானும் நிற்க வேண்டும், மனைவி இல்லாமல் நடக்கக் கூடாது. கேரளாவில் இவ்வளவு பொறுப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று வியந்துகொண்டே வீடு வந்தேன்.

சமையலறை வாசலில் நின்று, நான் ஆஸ்பத்திரி உத்தரவை அப்படியே ஒப்பித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை வடித்தாள். பிறகு குக்கரிடம் கேட்டாள், "எத்தனை மணிக்காம்?"

சாயங்காலம் ஐந்தரைக்கு நடை தொடங்கியது. சந்திலிருந்து இறங்கி, பஜார் ரோட்டில் திரும்பி, கல்வத்தி பாலம் நோக்கிப் போகிற வழி. அவள் நாலு அடி முன்னால் போவாள். நான் பின்னால். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் வீட்டுக்கோ சண்டைக்குப் போகிறவள்போல் நடப்பாள். ஒரு சொல் கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் நான் ஓர் அறையில் இருந்தால் அவள் இன்னோர் அறையில் இருப்பாள். இந்த அரைமணி நேரம் மட்டும் நான்கு அடி தூரத்தில் இருந்தாள்.

ஒரே குறை, அவள் கண்ட இடத்திலெல்லாம் நின்றாள். ஸ்டாப் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவது எனக்குச் சர்வீஸ் காலத்திலிருந்தே ஆகாது. அவள் சைக்கிளில் மீன் விற்கிறவரை நிறுத்தி, இது என்ன மீன் என்று கேட்பாள். அயலை மீன் அவளுக்குத் தெரியாதா? கேட்டுவிட்டு வாங்காமல் வருவாள். பழைய சாமான் கடைக் கண்ணாடிக்குள் பித்தளைத் தூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரை எழுத்துக்கூட்டி மலையாளம் படிப்பாள். நடுரோட்டில் மட்டாஞ்சேரி ஆடு ஒன்று படுத்திருந்தால், அதைச் சுற்றிப் போகாமல் அது எழுந்திருக்கும்வரை காத்திருப்பாள். உத்தரவு உத்தரவுதானே, அவள் நின்றால் நானும் நிற்பேன். உள்ளுக்குள் கடுகடுவென்று இருக்கும். ஆனால் நிற்கிற நேரத்தில் மூச்சு சமனாகிவிடும், அதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் இஞ்சிக் கிடங்கு வரைக்கும்தான் போக முடிந்தது. இரண்டாம் வாரம் படகுத் துறையைத் தாண்டினோம். மூன்றாம் வாரம் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது.

நான்காம் வாரம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறு நிமிட நடைத் தேர்வு வைத்தார்கள். நீளமான வராந்தாவில் இரண்டு பக்கமும் கூம்பு வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று அளப்பார்கள். முதல் நாள் நடந்ததைவிட மூன்று சுற்று கூடுதலாக நடந்தேன். துடிப்பும் அடக்கமாக இருந்தது. பிசியோ பெண்ணுக்கு வாயெல்லாம் பல். தினமும் நடக்கும்போது சம்சாரம் ஒழுங்காக இருந்ததா என்று கேட்டாள். ஒருநாள்கூடத் தவறவில்லை என்றேன். நடுவில் எங்கேயாவது நின்றதா என்றாள்.

"நிறைய தடவை நின்னுச்சும்மா. மீன் விலை கேக்க நின்னுச்சு. ஆட்டைப் பாத்து நின்னுச்சு. நேத்து பித்தளைச் சாமான் பாக்கக் கா மணி நேரம் நின்னுச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் வாங்கவா என்று கேட்டாள். வாங்கினால்தான் பரவாயில்லையே, சும்மா கேட்டுவிட்டு வருகிறது, வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமானால் நீங்களே கேளுங்கள் என்றேன். பக்கத்து சைக்கிளில் மிதிப்பது நின்றது. கும்பளங்கிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மெஷின்தான் அடித்துவிட்டது என்று ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சம்சாரம்னா இவிடெ பேச்சு. பெண்டாட்டி அல்ல."

பேசிக்கொண்டே நடக்க வேண்டும், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பேச்சே நின்றால் நின்றுவிட வேண்டும். அவள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிசியோ பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், மனைவியோடு பேசிக்கொண்டுதானே நடந்திருப்பீர்கள், அதனால்தான் எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்றாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அப்போ இத்ர நாளும் ஒண்ணும் மிண்டாதெயாணோ நடந்நது?"

மிண்டுவது என்றால் பேசுவது. அந்தச் சொல் எனக்கு முன்பே தெரியும். எங்கள் கீழ்வீட்டு அக்கா, சேட்டனோடு, அதாவது என்னோடு, ஏன் மிண்டுவதில்லை என்று என் மனைவியைக் கேட்டது மாடிவரை கேட்டிருக்கிறது. ஆமாம், மிண்டாமல்தான் நடந்தோம் என்றேன். அப்படியானால் இத்தனை நாளும் வேகம் மீறாமல் எப்படி நடந்தீர்கள் என்று அந்தப் பெண் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சிலிருந்து எழுந்து அவள் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலிருந்து அவள் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி உத்தரவு என்பதால்தான் வருகிறாள். உத்தரவே இல்லை என்று தெரிந்தால் நாளை ஐந்தரைக்கு அவள் செருப்பை மாட்ட மாட்டாள். அந்த நாலு அடி தூரமும் போய்விடும். நான் சொல்லவில்லை. மறைத்து மறைத்தே இந்த நிலைக்கு வந்தவன், மறுபடியும் ஒன்றை மறைத்தேன்.

ஆனால் பேச வேண்டுமே. பிசியோ பெண் அதில் கண்டிப்பாக இருந்தாள். மறுநாள் நடையில் பின்னாலிருந்து நானே பேச ஆரம்பித்தேன். பேச்சுக்குப் பதில் வராது என்பதால், பதில் தேவையில்லாத பேச்சாகப் பேசினேன். முப்பத்திரண்டு வருஷம் பேசிய பேச்சு இருக்கிறதே. "இஞ்சிக் கிடங்கு, இஞ்சிக் கிடங்கு. இறங்குறவங்க முன்னாடி வாங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு." மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களில் ஒருவர் எனக்கு "ரைட், ரைட்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். படகுத் துறை வந்தால் நான் அறிவிப்பேன், டீக்கடையிலிருந்து ஒருவர் ஏறட்டுமா என்று கேட்பார். எனக்கு நல்ல மூச்சு. ஊரே சிரித்தது. அவள் முதுகு மட்டும் அசையவில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. பதினோராம் நாள் முதல் தடவையாகக் கல்வத்தி பாலத்தின் மேலேயே ஏறிவிட்டோம். அவள் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். தூரத்தில் மகள் வேலை பார்க்கிற இடத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. எட்டு மாதமாகப் பத்து படி ஏறத் திணறியவன், அவ்வளவு தூரம் நடந்து வந்து பாலத்தில் நிற்கிறேன். இந்தச் சந்தோஷத்தை ஒரு பொய்யோடு சேர்த்து அனுபவிக்க எனக்குப் பிடிக்கவில்லை. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நீ கூட வரணும்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல. சம்சாரம்னா இங்க பேச்சாம். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சு பத்து நாளாச்சு. சொன்னா நீ வரமாட்டியோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவள் கிரேன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

குக்கர் இல்லை, காலண்டர் இல்லை. பக்கத்தில் வேறு யாரும் நிற்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். இரண்டாம் நாளே தெரியுமாம். கீழ்வீட்டு அக்கா குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர்கள் பேசுகிற தமிழில் பாதி எனக்கு மலையாளமாகத்தான் கேட்கும். தினம் எங்கே போகிறீர்கள் என்று அக்கா விசாரித்திருக்கிறார். இவள் உத்தரவைச் சொல்லியிருக்கிறாள். அக்கா சிரித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்.

"அப்புறம் எதுக்கு வந்த?"

"பேச்சு நின்னா நிக்கணும்னுதான அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நாமதான் பேசுறதே இல்லையே. அப்ப யாரு பாக்குறது? அதான் முன்னாடி போய்க்கிட்டே உங்க மூச்சைக் கேட்டுக்கிட்டு வந்தேன். சத்தம் பெருசாக் கேட்டா நின்னுருவேன்."

மீன்காரரும் பித்தளைத் தூக்கும் போஸ்டரும் ஆடும் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. அவள் எதையுமே பார்க்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நான் பிசியோ பெண்ணிடம் சொன்னது நாலு அடி முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்திலேயே நடந்திருக்கலாமே என்று கேட்டேன். "பக்கத்துல வந்தா மூஞ்சியப் பாக்கணும். பிடிக்கல" என்றாள். அதைச் சொல்லும்போது திரும்பி என் மூஞ்சியைத்தான் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில், நட்ட நடுப் பாலத்தில், கடந்துபோகிற ஆட்டோக்காரர்கள் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"எட்டு மாசம் நான் பக்கத்துலதான படுத்திருந்தேன். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

இத்தனை நாளும் அந்தக் கேள்விக்கு நான் ஆயிரம் பதில் யோசித்து வைத்திருந்தேன். உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று, மகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று. அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"பயமா இருந்துச்சு. உன்கிட்டச் சொல்லிட்டா அது நெசமாயிரும்னு பயமா இருந்துச்சு."

"எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம்ல. அதைக்கூடவா தனியா வச்சுக்குவீங்க?"

திரும்பி நடந்தோம். இந்த முறை அவள் முன்னால் போகவில்லை. பாலத்திலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள். மூன்று தலையணையில் ஆரம்பித்து, செருப்பு வாருக்கு வந்து, டாக்டர் முன்னால் தலை குனிந்ததற்கு வந்து, அங்கிருந்து எங்களுக்குக் கல்யாணமான வருஷத்துக்கே போய்விட்டாள். இரண்டு மாதமாகச் சேர்ந்திருந்தது அத்தனையும் வந்தது. படகுத் துறையில் டீக்கடைக்காரர் ஏறட்டுமா என்று கேட்டார், இவள் அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார். நடக்கும்போது பேச வேண்டும் என்றுதான் எனக்கு உத்தரவு. அன்று வீடு வரும்வரை எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. மூச்சுகூட வாங்காமல், உம், உம் என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்து வந்தேன்.